கல்லாவியிலிருந்து ஓசூருக்கு: பஸ்ஸிலேயே விட்டுவிட்ட புத்தகப் பெட்டி

மானியம் கேட்டு நேர்காணலுக்குப் போனவர்கள் யாராவது அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஓசூர் போகிற யாருக்காவது உதவும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பள்ளியில் விடுப்பு சொல்லிவிட்டு ஷபானா அக்காவுடன் கிளம்பினேன். அக்கா கல்லாவி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசிப்பு அறை நடத்துகிறார். நான் பதினோராம் வகுப்பு. மாலையில் அங்கே புத்தகம் அடுக்குவேன் (அடுக்குவதைவிடப் படிப்பதுதான் அதிகம்). எங்கள் ஊரில் நிறைய அம்மாக்கள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அறை திறந்திருக்கும் நேரத்தில் அவர்களால் வர முடியாது. அதனால் அக்கா புத்தகங்களை பஸ்ஸுக்கே அனுப்பிவிட்டார். ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பழைய சைக்கிள் டியூபால் கட்டியது. அம்மாக்கள் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்ததை எடுத்துப் போகலாம், படித்ததும் திரும்பப் போடவேண்டும். பெட்டிக்கு ஒரே ஒரு விதி: அது பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது.

பதிவேடு கிடையாது. ஆரம்பத்தில் வைத்திருந்தோம். கையெழுத்து கேட்டதும், "கிழிஞ்சா சம்பளத்துல புடிப்பாங்களா?" என்று பயந்து ஒருவரும் தொடவில்லை. பதிவேட்டை எடுத்த வாரமே பெட்டி காலியானது.

இதுவரை கைகொடுத்த நன்கொடை மார்ச்சோடு முடிகிறது. உள்ளூர்த் தேவைகளுக்குப் புது வழி கண்டுபிடிக்கும் சிறிய அமைப்புகளுக்கு ஓசூரில் ஓர் அறக்கட்டளை ஓராண்டு மானியம் தருகிறது. எங்கள் விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டியிருந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு அக்கா பெங்களூரில் ஒரு கடைக்கு பில் போடப் போகவேண்டியதுதான். கடைக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

கம்பெனி பஸ்ஸில் வெளியாட்களை ஏற்றமாட்டார்கள். அன்று ஒருநாள் மட்டும் அனுமதி வாங்கியிருந்தோம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டது. ஓசூர் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். ஏறியதுமே, தினமும் அதில் வேலைக்குப் போகிற செல்வி அக்கா ஆரம்பித்தார்.

"ஏன்டி பாப்பா, இன்டர்வியூ ஷபானாவுக்கா உனக்கா? இவ்ளோ எண்ணெய வெச்சு சீவியிருக்க!"

"அவ வாயே தொறக்கமாட்டா செல்வி. நான் உளறுனா கால மிதிக்கறதுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஷபானா அக்கா.

கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் பஸ் முழுக்கத் தூங்கிவிட்டது. "போறப்ப தூங்குவோம், வர்றப்ப படிப்போம்" என்று செல்வி அக்கா சொன்னது சரிதான். நான் மட்டும் விழித்திருந்து சூளகிரிப் பாறைகள் மேல் வெயில் ஏறுவதைப் பார்த்தேன். ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

எட்டு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். நேர்காணல் பதினொன்றரைக்கு, தளி ரோட்டில். இட்லியும் காபியும் இரண்டு பேருக்கு நூற்றுப்பத்து ரூபாய். கை கழுவிவிட்டு வந்த அக்கா அப்படியே நின்றார்.

"பெட்டி எங்கடி?"

நேர்காணலில் காட்டத்தான் அன்று அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போவதாக இருந்தோம். ஆனால் ஒரு வருடமாக "பெட்டி இறங்கக் கூடாது" என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, எங்கள் கைகளே அதைத் தொடாமல் இறங்கிவிட்டன.

டிரைவர் முனிராஜ் அண்ணன் போனை எடுக்கவில்லை. ஆட்களை இறக்கிவிட்டு ஜூஜுவாடியில் ஒரு காலி மைதானத்தில் பஸ்ஸை நிறுத்துவார் என்பது மட்டும் தெரியும். டவுன் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. லாரி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால் இறங்கினோம். டீக்கடையில் கன்னடத்தில் வழி சொன்னார்கள், அக்கா பாதித் தெலுங்கில் நன்றி சொன்னார்.

மைதானத்தில் வரிசையாக வெள்ளை பஸ்கள், எல்லாம் ஒரே மாதிரி. எங்கள் பஸ்ஸின் கடைசி சீட்டில் முனிராஜ் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டி அதன் இடத்தில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்த்ததும் திரும்பப் போய்விட்டது. திங்கட்கிழமை அக்கா நிரப்பிய பெட்டியில் நான்கே புத்தகங்கள்.

"அண்ணா, மிச்சம்லாம் எங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "லேடீஸ் எடுத்தது போக மீதிய நம்ம டிரைவருங்க தூக்கிட்டாங்கம்மா. சாயந்தரம் வரைக்கும் எல்லாம் இங்கதான கெடக்கறோம். ராயக்கோட்டை லைன்காரரு தம் பொண்ணுக்கு எடுத்தாரு, அத பாத்து மத்தவங்களும்… கரெக்டா கொண்டாந்து போட்டுடறாங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

அக்கா அந்த நான்கையும் எடுத்துப் பார்த்தார். இரண்டு எங்களுடையவை. ஒன்று தெலுங்குக் கதைப் புத்தகம். இன்னொன்று யானைப் படம் போட்ட கன்னடப் புத்தகம்.

"இது நம்மளது இல்லையே?"

"அது ஆனேக்கல் லைன் டிரைவர் வெச்சது. 'நாலு எடுத்தேன், ஒண்ணாவது வெக்கவேணாமா'ன்னாரு. தெலுங்கு புக்கு பேரிகை லைன்காரரு வெச்சது. திங்கக்கெழம நீங்க வர்றப்ப மட்டும் இதுங்கள எடுத்து டேஷ்போர்டுல ஒளிச்சு வெச்சிடுவேன்."

அக்கா சிரித்துவிட்டார். அன்று காலையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. டியூபை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டோம். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். பதினொன்று இருபதுக்குத் தளி ரோட்டில் இருந்தோம்.

குழுவில் மூன்று பேர். நாங்கள் பயந்த கேள்வியைக் கண்ணாடி போட்ட சார் இரண்டாவதாகவே கேட்டார்.

"பதிவேடு இல்லைங்கறீங்க. புத்தகம் திரும்பி வருதுன்னு நாங்க எப்படிம்மா நம்பறது?"

நான் அக்காவின் கால் பக்கம் பார்த்தேன். மிதிக்கத் தேவை இருக்கவில்லை.

"சிலது வரலைங்க சார், சிலது கிழிஞ்சு வருது" என்று அக்கா உள்ளதைச் சொன்னார். பிறகு கன்னடப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆனா இது நாங்க வெச்சது இல்லைங்க. எங்களுக்குத் தெரியாமயே வேற பஸ் டிரைவருங்க எடுத்துப் படிச்சு, அவங்க புத்தகத்தயும் போட்டிருக்காங்க. எங்களுக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

குழுவில் இருந்த மேடம் ஓசூர்க்காரர். புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்தைக் கன்னடத்தில் சத்தமாகவே படித்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி அடுத்ததையும் படித்தார். கண்ணாடி சார், "மேடம், டைம்" என்று சொல்லவேண்டியிருந்தது.

வெளியே அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். என் வாழ்க்கையிலேயே மிக மெதுவாக நகர்ந்த அரைமணி அது. திரும்பக் கூப்பிட்டு, ஓராண்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள்: அறைக்கும், முனிராஜ் அண்ணன் பஸ்ஸோடு சேர்த்து நான்கு பஸ்களுக்கும். ஒரு நிபந்தனை உண்டு. மாதம் ஒருமுறை பெட்டியில் இருப்பதை எண்ணிச் சொல்லவேண்டும். பெயரும் கையெழுத்தும் வேண்டாம். படியிறங்கும்போதே அக்கா பெங்களூர்க் கடைக்காரருக்கு போன் செய்து, "வரலைங்கண்ணா" என்றார். எனக்கு அழுகை வந்தது. பசிதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது உங்களுக்குச் சில குறிப்புகள். கல்லாவியிலிருந்து பொதுப் பேருந்தில் வந்தால் ஊத்தங்கரையிலும் கிருஷ்ணகிரியிலும் மாறவேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஜூஜுவாடிக்குத் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸிலேயே ஏறுங்கள். கர்நாடக பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்தால் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில்தான் விழிப்பீர்கள். நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஓசூரில் இருங்கள். அந்த நேரம் எங்களைக் காப்பாற்றியது. விண்ணப்பத்தில் எழுதியது சரியா என்று, போவதற்கு முன் உங்கள் திட்டம் நடக்கும் இடத்தை ஒருதடவை பார்த்துவிடுங்கள். எங்களுக்கே தெரியாத பாதி அங்கேதான் இருந்தது.

மாலையில் பெட்டியைப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். செய்தி எங்களுக்கு முன்பே ஏறியிருந்தது. "நாப்பது பேரு பாத்துக்கிட்டுதான் இருந்தோம், பெட்டிய விட்டுட்டு எறங்கறாங்களேன்னு ஒருத்திக்கும் தோணல பாரு" என்று செல்வி அக்கா கிருஷ்ணகிரி வரை சிரித்தார். நான் அங்கேயே தூங்கிப்போனேன்.

கல்லாவியில் இறங்கும்போது முனிராஜ் அண்ணன் டியூபில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "பெட்டிய அவுத்துத் தரட்டாம்மா?"

"வேணாங்கண்ணா" என்றார் அக்கா. "அந்தக் கன்னட புக்க மட்டும் இனிமே ஒளிக்காதீங்க."