பாவாடைத் துணித் தலையணை

ஓய்வு பெறும்வரை நான் ஒரகடம் பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தேன். உராய்வு விசையை என்னைப்போல் விளக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த அறிவின் லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

டைஃபாய்டு வந்து போன பிறகு என் மனைவிக்கு முடி கொட்டியது. காலையில் தலையணை மேல் கொத்தாகக் கிடக்கும். அவள் அதைச் சுருட்டி எடுத்துப்போய் எனக்குத் தெரியாமல் போடுவாள். எங்கள் மாடியில் குடியிருந்த திருநெல்வேலிப் பெண், கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், அவளிடம் சொன்னாள்:

"ஈரத்தலையோட படுக்காதீயம்மா. தளரப் பின்னிட்டு சாட்டின் துணியில தலைய வைங்க. பருத்தித் துணி உரசியே முடி அத்துப் போவும்."

மனைவி தன் பழைய சாட்டின் பாவாடையை வெட்டி உறை தைத்தாள். நான் விடுவேனா?

"இன்னாது, பாவாடைல தல வச்சிகினு தூங்கப் போறியா? இந்த வயசுல எவன் வந்து பாக்கப் போறான் உன் முடிய?"

"யாரும் பாக்க வேணாங்க. கொட்றது நின்னா போதும்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். வாலாஜாபாத்திலிருந்து அவள் தம்பி குடும்பத்தோடு வந்தபோது உறையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். "மகாராணி இதுல தான் படுப்பாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் அந்த உறை என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் துடைக்கும் துணியாகக் கிடந்தது. அதாலேயே வண்டியைத் துடைத்தேன். வழவழப்பான துணியில் உராய்வு குறைவு என்று எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவன் நான்!

அவள் பழையபடி பருத்தி உறையிலேயே படுத்தாள். முடி போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப் பெண்ணோடு குன்றத்தூர் போனவள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்பினாள்.

"வேண்டுதலா? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"இன்னா வேண்டுதல்? தெனம் வாரி குப்பைல கொட்றதுக்கு, ஒரேயடியா முருகனுக்கே குட்த்துட்டேன்."

அதன்பிறகு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நல்ல சாட்டினாகப் பார்த்து வாங்கி, உறை தைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கினாள். என் தலையணைக்குப் போட்டாள்.

"நீங்க படுங்க. உங்களுக்குத் தான் சொட்டை. உரசாம இருக்கும்."

அவளுக்கு இப்போது காது மறையும் அளவு முடி வளர்ந்திருக்கிறது. பருத்தி உறையில்தான் படுக்கிறாள். என் வழுக்கைத் தலை அந்த சாட்டினில் நிற்பதில்லை. சறுக்கிச் சறுக்கி விழித்துக்கொள்கிறேன்.