பக்கத்து இருக்கை

என் மனைவியின் தம்பிக்கு ஒரு என்ஜின் வேலைக்கான கூலியைப் பாக்கி வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, சொந்தக் காசில் சிறு விமானம் வாங்கி, நானே ஓட்டிச் சரக்கு ஏற்றியவன் நான். மெக்கானிக்கான அவன், இத்தனை மணி நேரம் பறந்ததும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு முடிந்ததென்று, நன்றாக ஓடிய என்ஜினைப் பிரித்துவிட்டான். உள்ளே ஒரு பழுதும் இல்லை.

"நல்லா இருந்ததைப் பிரிச்சதுக்குக் கூலியா, மச்சான்?"

"கூலி கிடக்கட்டும் மாமா. பிரிச்சு மாட்டின புதுசுலதான் என்ஜின் காலை வாரும். முதல் தடவை நானும் வரேன்."

"மாடி ஏறினாலே உனக்குத் தலை சுத்துமே!"

"உங்களைத் தனியா அனுப்பிட்டு அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?"

வானில் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். தன் வேலைக்குத் தன் உயிரையே ஈடு வைத்தவனுக்குக் கூலி மறுத்தால் நான் என்ன முதலாளி? இறங்கியதும், அவன் கையை விரித்துப் பணத்தை எண்ணி வைத்தேன்.