இடப்பக்கம் உருண்டவர்

"இதுல உங்க மாமா எங்கேடி?"

தியேட்டரில் அத்தை இப்படிக் கேட்டார். மாடியிலிருந்து குதித்தது என் மாமா, அம்மாவின் தம்பி. ஆனால் திரையில் இருந்ததோ கதாநாயகனின் முகம். கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள்.

மாமா சினிமாவில் டூப். பதினேழு வருஷமாக யார் யாருக்காகவோ விழுந்தவர். இந்தப் படம் நான் தினமும் விளையாடும் ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்தது. அதில் வரும் வீரன் எப்படி விழுகிறான் என்று மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

"உன் ஆளுக்கு மூணு உயிர். உங்க அத்தைக்கு ஒரே புருஷன்" என்று சிரிப்பார்.

அன்றைக்குக் குதிக்க வேண்டியவர் அவருடைய கூட்டாளி ஒல்லி. ஒல்லிக்குக் காய்ச்சல். ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் அவருடைய யூனியன் கார்டைக் காட்டி வேலைக்குப் போவது டூப் ஆட்களிடம் வழக்கம். மாமாவும் அப்படித்தான் போனார். ஐந்தாவது முறை குதித்தபோது, கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தாண்டி விழுந்தார். முதுகெலும்பு நொறுங்கியது. கம்பெனி வண்டி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டதோடு சரி.

ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். அந்தச் செலவு எங்களால் முடிகிற காரியமில்லை. கம்பெனிதான் செய்ய வேண்டும். கம்பெனி மேனேஜரோ, "ரிஜிஸ்டர்ல ஒல்லி பேருதான் இருக்கு. அவர் நல்லா நடமாடுறாரே" என்றார்.

ஒல்லி கட்டிலோரம் நின்று அழுதார். "உண்மையைச் சொன்னா கார்டைப் பிடுங்கிடுவாங்க மச்சான். எனக்கு விழறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

மாமா திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்கு மிச்சமிருந்த சாட்சி படம் மட்டும்தான். அவசர அவசரமாக முடித்து ஐந்தாவது மாதம் வெளியிட்டார்கள். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது மொத்தமே பதினோரு பேர். சண்டையெல்லாம் ஒரே இருட்டு. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. வில்லன் செத்ததற்குச் சிரித்தார்கள்.

அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் பின்சீட்டில் ஒருவன் கத்தினான்: "டேய், கேம்ல வலப்பக்கம்தானே உருளுவான்? இதுகூடத் தெரியாம படம் எடுத்திருக்கானுங்க!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவுக்கு வலத்தோள் முன்பே உடைந்தது. எங்கே விழுந்தாலும் இடப்பக்கம்தான் உருளுவார்.

அடுத்த ஷோவுக்கும் டிக்கெட் வாங்கினேன். விழுந்தவர் இடப்பக்கம் உருள்கிறார். எழுந்திருக்கவில்லை. உடனே வேறு காட்சி, கதாநாயகன் ஓடுகிறான். அதுதான் அந்த ஐந்தாவது முறை.

"அத்தை, அது மாமாதான்" என்றேன். அத்தை சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "உருள்றதுல பேரு எழுதியிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மாமா இப்போது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார்.

அன்று அங்கே பெட்டி அடுக்கியவர்கள், லைட் பிடித்தவர்கள், வண்டி ஓட்டியவர் எல்லாரும் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாய் திறந்தால் போதும். எனக்கு அவர்களைத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். தயவுசெய்து இதை நாலு பேருக்கு அனுப்புங்கள்.