லோன்காரர் ஓட்டிய மோட்டார்

இன்று காலை காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் மச்சினன் மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே சிம் கார்டு போட்டு, செல்போனில் கூப்பிட்டால் மோட்டாரை ஓட்டும் பெட்டி ஒன்று புதிதாக வைத்திருக்கிறோம். அதில் 'ஆஃப்' விளக்கு எரிந்ததை நம்பித்தான் கையை வைத்தான்.

மோட்டார் தானாக ஓடியது. சட்டைக் கை கிழிந்தது. அவன் கை தப்பியது.

"மாமா, நீங்களா போட்டீக?" என்றான். என் போன் பைக்குள் கிடந்தது.

பெட்டி விற்ற கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். பெட்டிக்கு வந்த அழைப்புகளைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏதோ லோன் கம்பெனி பெட்டி நம்பருக்குக் கூப்பிட்டிருக்கு சார். யார் கூப்பிட்டாலும் ஓடும். டிசைனே அப்படித்தான்."

"இதை யோசிச்ச இன்ஜினியரு எங்கன இருக்காக?"

"ஆபீஸ்ல சார்."

"தோட்டத்துக்கு ஒருக்கா வரச் சொல்லுங்க. பெல்ட்டுல அவுக கைய வைக்கட்டும். லோன் வேணுமான்னு நான் கூப்பிட்டுக் கேக்குறேன்."

போனை வைத்துவிட்டார்.

உங்கள் தோட்டத்து மோட்டார் யார் பேச்சைக் கேட்கிறது?