டீச்சரின் காலைத் தொட்டதற்காக

எனக்கு டான்ஸ் சொல்லிக்கொடுத்த டீச்சர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். செவ்வாயும் வெள்ளியும் அச்சங்குளத்திலிருந்து பஸ் ஏறி, சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதலில் என் மகளுக்காகத்தான் வந்தார். அவள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் டியூஷனைக் காரணம் காட்டி நிறுத்திக்கொண்டாள். கடைசி நாளன்று, செருப்பு மாட்டப்போன டீச்சரிடம், "எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"செவ்வாக்கிழமை சேலையை இறுக்கிச் செருகிட்டு நில்லுங்க" என்றார்.

பிரஸ் முதலாளியின் மனைவி என்பதால் என்னை வெளியாட்கள் யாரும் அதட்டியதில்லை. டீச்சர் அதட்டினார். "அக்கா, இதுக்குப் பேரு அரைமண்டி இல்ல. உக்காரவா நிக்கவான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கீக. முட்டிய மடக்குங்க." தொடை நடுங்கும்; டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழி நிற்காது. தட்டடவு எட்டையும் மூன்று கால வேகத்திலும் பிசகாமல் முடித்த அன்று, அதட்டாமல், "இன்னொரு வாட்டி" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, டீச்சரின் காலையும் தொடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். டீச்சர் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"அவ ஆத்தா வெடி ஆபீஸ்ல திரி கட்டுறவ. இந்த வீட்டுப் பொம்பள அவ கால்ல விழுறதா? ஆட்டம் கத்துக்கோ, வேண்டாங்கல. கால்ல விழுற வேலையெல்லாம் இங்கன வேண்டாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், "அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல" என்றார்.

எங்கள் பிரஸ்ஸில் அடிப்பது பட்டாசுப் பெட்டிக்கான லேபிள்கள். பட்டாசு ஆலைகளில் திரி கட்டுகிற கைகள் இல்லாவிட்டால் எங்களுக்கு ஆர்டர் ஏது? இதை நான் அன்று கேட்கவில்லை. கேட்காததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை டீச்சரிடம், "கும்பிடுறத மட்டும் கதவைச் சாத்திட்டு வச்சுக்கலாமா?" என்றேன்.

டீச்சர் கழியைக் கீழே வைத்தார்.

"யாரு என்ன சொன்னாக?"

"அத்தைதான்... உங்க அம்மா வேலையச் சொல்லி..."

"எங்க டீச்சர் கால்ல நான் விழுந்தேன். அவுகளும் அவுக டீச்சர் கால்ல விழுந்தாக. இதுல எங்க அம்மா வேலை எங்கன வருது? கதவைச் சாத்திட்டுக் கும்பிட நான் என்ன திருட்டுச் சாமானாக்கா?"

கழியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஹாலில் மாமியார் உட்கார்ந்திருந்ததால் நான் வாசல்வரைகூடப் பின்னால் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அடுப்படியில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. மாமியார் மேல் கோபம், கணவர் மேல் கோபம். என் மேல் இருந்ததற்குக் கோபம் என்ற சொல் போதாது.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சாத்தூருக்குப் போனேன். அங்கே ஒரு வாடகை ஹாலில் டீச்சர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவந்தார். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் வேலைக்குப் போகிற தாய்மார்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்தேன். டீச்சர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஊருக்குக் காட்டவும் கும்பிடாதீக. மொதல்ல ஆடுங்க. கடைசி வரிசைக்குப் போங்க."

எட்டு வயதுப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நின்றேன். அடுத்த நான்கு வருடமும் அதே வரிசைதான். "ஊரே பேசுது" என்றார் கணவர். "பேசட்டும்" என்றேன். டீச்சர் என்னை மன்னித்ததாகச் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டுப் படியும் மறுபடி ஏறவில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் பெருமையாகச் சொல்கிறார்: "எங்க வீட்டம்மா முறையா பரதம் கத்துக்கிட்டவ." யாரிடம் என்று கேட்டால், "சாத்தூர்ல ஒருத்தர்" என்று முடித்துவிடுவார். நான் விடுவதில்லை. டீச்சரின் பெயர், ஊர், அவர் அம்மா எந்த வெடி ஆபீஸில் திரி கட்டினார் என்பதுவரை, கணவர் முகம் சுருங்கச் சுருங்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் காபி கொண்டுவரப் போவேன்.