சேலைக்கு மேல் ஒரு சட்டை

முப்பது வருடம் சினிமாவில் கதாநாயகர்களிடம் அறை வாங்கியே பேரெடுத்தவர் அவர். படங்கள் குறைந்ததும் தொலைக்காட்சிக்கு வந்து, வாராவாரம் ஒரு காமெடி நிகழ்ச்சி நடத்தினார். நான் கூடலூர்க்காரன் என்றதும் எழுத்தாளர் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

"நம்ம பக்கத்துப் பயலா? அப்ப ஒனக்கென்ன பஞ்சம்? அங்கன நடந்ததை அப்படியே எழுது."

மூன்று மாதம் நான் எழுதிய எதுவும் தேறவில்லை. அடுத்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அம்மா கல்லூரிக்கு வந்த கதையை எழுதினேன்.

அம்மா குமுளி மலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவள். செடி கையைக் கிழிக்காமலிருக்க, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கல்லூரியில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்று, ஜீப்பை விட்டிறங்கி அந்தச் சட்டையோடே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு, "சேறாயிரும் சார்" என்று நின்றாள். துறைத் தலைவர் தானும் எழுந்து நின்றபடியே பேசினார்.

துறைத் தலைவர் எழுந்ததோடு நான் கதையை முடித்திருந்தேன். அதை வெட்டிவிட்டார்கள். மேடையில் எங்கள் நடிகர் சேலைக்கு மேல் சட்டையோடு வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலி மேலேறிக் குத்தவைத்தார். அரங்கமே உருண்டது. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள்.

என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "எங்க ஆத்தாளும் ஏலத்தோட்டத்துக்குப் போனவதான்டா. அந்தச் சட்டை எனக்குத் தெரியாதா?"

தெரிந்தேதான் செய்திருக்கிறார். நான், "நன்றி சார்" என்றேன். சிரித்தேன் வேறு. வேலையும் நிரந்தரமானது.

டி.வி.யில் மகன் பேர் வருகிறதென்று அம்மா தெருவையே கூட்டிவைத்துப் பார்த்திருக்கிறாள். பொங்கலுக்குப் போனபோது, விடியற்காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவளை ஜீப்பில் ஏற்றிவிடப் போனேன். உள்ளிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏத்தா, சீட்டுமேல ஏறிக் குத்தவச்சிராத! ஒம் மகன் அதையும் எழுதிப்புடுவாரு!"

ஜீப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "நான் அன்னைக்கு நாக்காலியில ஏறலையேய்யா?"

"இல்லம்மா."

வாளியை வாங்க நீட்டிய கை முழுக்கக் கீறல். அப்போதுதான் பார்த்தேன், சட்டையைக் காணோம்.

"சட்டை எங்கம்மா?"

"வெக்கையா இருக்குய்யா. போடுறதில்ல."

தை மாதம். மலையில் அந்நேரம் குளிரில் பல் கிட்டும்.