மூடின நாளில் போனவர்

மர்பி டவுனில் எங்கள் தெருமுனை ஒயின் ஷாப்பை மூடச் சொல்லிக் கூட்டம் போட்டோம். குடிகாரரான கணவரை இழந்த பூக்கார அக்காவைப் பேசச் சொன்னார்கள். மெலிந்தவர். யார் முகத்தையும் பார்க்காமல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"மூடச் சொல்லுங்கக்கா," என்றேன்.

"இங்க எலக்சனுக்கு மூடியிருந்தாங்கல்ல, அன்னைக்குத்தான் அவரு பைக் எடுத்துக்கினு பார்டர் தாண்டி ஓசூர் போயி குடிச்சாரு. திரும்பி வர்றப்போ அத்திபெலே கிட்ட லாரில மாட்டிக்கினாரு."

"அப்போ கடை இருக்கட்டுமா?"

"இருந்தப்போ டெய்லி அடி வாங்கினேன். மூடின அன்னைக்கு ஆளே போயிட்டாரு. நீங்களே பாத்து செய்யிங்கப்பா."

குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு, மூட வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அவர் தூக்கினாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.